தோள் மூட்டு ஆபரேஷன்: ஸ்லிங்கை எத்தனை நாள் போடணும்?



முழங்கால் மூட்டை மாற்றும் ஆபரேஷன் நமக்குப் பழகிப்போன விஷயம். தோள் மூட்டையும் அதுபோல மாற்றலாம் என்பது நம்மில் பலருக்குப் புதுசு. வழுக்கி விழுந்து தோள் எலும்பு நொறுங்கியவர்களுக்கும், தோள் தேய்ந்து தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடக் கை தூக்க முடியாதவர்களுக்கும் இந்த ஆபரேஷனைச் செய்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாகப் பலம் குறையும். அதனால் கீழே விழுந்து தோள் முறிகிறவர்களில் வயதான பெண்களே அதிகம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது கையை ஒரு பையில் வைத்து, பட்டையைக் கழுத்திலும் தோளிலும் மாட்டி அனுப்புவார்கள். இதற்குப் பெயர் ஸ்லிங். நம்ம ஊர்ல "கை பெல்ட்" என்றும் சொல்கிறார்கள். கூட்டங்களில் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான்: "பதினஞ்சு நாள் ஆச்சு, இப்ப வலி இல்ல. பெல்ட்டைக் கழட்டிடலாமா?"

சுருக்கமான பதில்: பெரும்பாலானவர்களுக்கு 4 முதல் 6 வாரம் வரை ஸ்லிங் தேவை. சிலருக்கு 2, 3 வாரத்திலேயே டாக்டர் கழற்றச் சொல்வார். அவரவருக்கு உரிய தேதியை ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். வலி நின்றதை வைத்து நாமே முடிவு செய்யக் கூடாது. ஏன் என்று தெரிந்தால் பொறுமையாக இருப்பது சுலபம். அதனால் காரணத்தை முதலில் பார்ப்போம்.

தோளுக்குள் என்ன இருக்கிறது?

தோள் மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும் சேர்ந்தது. கை எலும்பின் மேல்முனை பந்து. தோள்பட்டை எலும்பில் இருப்பது கிண்ணம். இடுப்பு மூட்டில் கிண்ணம் ஆழமானது, பந்து உள்ளே நன்றாகப் பதிந்திருக்கும். தோளில் அப்படி இல்லை. சின்னத் தட்டில் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி இருக்கும். அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அதனாலேயே தோள் சுலபமாக நழுவவும் செய்கிறது. பழம் உருளாமல் பிடித்துக்கொள்வது சுற்றியுள்ள தசைகளும், தசையை எலும்போடு சேர்க்கும் நார்களும்தான்.

ஆபரேஷனில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, சாதாரணத் தோள் மாற்று. தேய்ந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்தும், கிண்ணத்தில் பிளாஸ்டிக் கிண்ணமும் பொருத்துவார்கள். மூட்டுக்குள் போக வழி வேண்டும் என்பதால் முன்பக்கத் தசையின் நாரை எலும்பிலிருந்து பிரித்து, வேலை முடிந்ததும் திரும்பத் தைப்பார்கள். மேல் தோலில் போட்ட தையல் 10 முதல் 14 நாளில் பிரித்துவிடும் அளவுக்கு ஆறிவிடும். உள்ளே நாரில் போட்ட தையல் எலும்போடு ஒட்டிப் பிடிக்கச் சுமார் 6 வாரம் ஆகும். நல்ல பலம் வர 3 மாதம் ஆகும். வெளியே ஆறிவிட்டது, வலி இல்லை, ஆனால் உள்ளே இன்னும் ஒட்டவில்லை. பதினஞ்சாம் நாள் நிலைமை இதுதான்.

இரண்டாவது வகை, தலைகீழ் தோள் மாற்று. டாக்டர்கள் 'ரிவர்ஸ்' என்பார்கள். பந்தைக் கிண்ணம் இருந்த பக்கமும், கிண்ணத்தைக் கை எலும்பின் பக்கமும் மாற்றி வைப்பார்கள். பிரான்ஸ் நாட்டு டாக்டர் பால் கிராமோன் 1980களில் உருவாக்கிய முறை இன்று உலகம் முழுக்கச் செய்யப்படுகிறது. தோளைச் சுற்றியுள்ள நார்கள் கிழிந்துபோனவர்களுக்கும், எலும்பு நொறுங்கிய வயதானவர்களுக்கும் இதைத்தான் அதிகம் செய்கிறார்கள். இதில் முக்கியமான ஆபத்து, கையை முதுகுப் பக்கம் கொண்டுபோனால் மூட்டு நழுவுவது. முதல் 3 மாதம் இந்த எச்சரிக்கை வேண்டும்.

எனவே பக்கத்து ஊர் அக்கா 3 வாரத்தில் கழற்றினார், எனக்கு மட்டும் ஏன் 6 வாரம் என்று கேட்டால், ஆபரேஷன் வகை, எலும்பின் பலம், நார் தைத்த விதம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு என்பதுதான் பதில்.

வாரக் கணக்கு

டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை பொதுவான கணக்கு இது:

முதல் 2 வாரம்: பகலும் இரவும் ஸ்லிங் இருக்க வேண்டும். குளிக்க, துணி மாற்ற, சொல்லிக் கொடுத்த பயிற்சி செய்ய மட்டும் கழற்றலாம்.

2 முதல் 6 வாரம் வரை: ஸ்லிங் தொடரும். வீட்டில் உட்கார்ந்து தலையணை மேல் கையை வைத்திருக்கும்போது கொஞ்ச நேரம் கழற்றிவைக்க சில டாக்டர்கள் அனுமதிப்பார்கள். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் கட்டாயம் போட வேண்டும். பஸ், சந்தை, கல்யாண வீடு எல்லாவற்றிலும் யாராவது இடிப்பார்கள். ஸ்லிங்கைப் பார்த்தால் விலகிப் போவார்கள்.

6 வாரத்துக்குப் பிறகு: டாக்டர் பார்த்துவிட்டு ஸ்லிங்கை எடுக்கச் சொல்வார். ஒரே நாளில் விடாமல், பகலில் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் குறைத்து விடலாம். சாப்பிட, முகம் கழுவ, டம்ளர் எடுக்கக் கையைப் பயன்படுத்தலாம். குடம் தூக்கக் கூடாது.

3 மாதத்துக்குப் பிறகு: தசைக்குப் பலம் தரும் பயிற்சி தொடங்கும்.

6 மாதம் முதல் ஒரு வருடம்: கை தேறுவதற்கு முழுசாக இவ்வளவு காலம் ஆகும். அதன் பிறகும் தலைச்சுமை, மண்வெட்டி, நெல் மூட்டை எல்லாம் பழையபடி செய்யலாமா என்று டாக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். மாற்று மூட்டும் ஒரு பொருள்தான், அதற்கும் தேய்மானம் உண்டு.

ஸ்லிங்கைச் சரியாகப் போடுவது எப்படி?

முழங்கை பையின் பின் மூலையில் நன்றாகப் பதிய வேண்டும். முன்கை தரைக்கு மட்டமாக இருக்க வேண்டும், விரல் பக்கம் சற்று உயர்ந்திருந்தால் நல்லது. கை கீழே தொங்கினால் விரல் வீங்கும். மணிக்கட்டு பைக்கு வெளியே மடங்கித் தொங்கக் கூடாது. பட்டை கழுத்தை அறுத்தால் பழைய பருத்திச் சேலைத் துணியை மடித்து அடியில் வைக்கலாம். கை வீங்கினால் இறுக்கும் என்பதால் அந்தக் கையில் வளையல், மோதிரம் போட வேண்டாம். ஸ்லிங்குடன் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையோ, கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு மெத்தையோ கொடுத்திருந்தால் அதையும் விடாமல் போட வேண்டும். "இடைஞ்சலா இருக்கு" என்று எடுத்துவிடாதீர்கள்.

ஸ்லிங்குக்குள் கை தூங்கக் கூடாது

ஸ்லிங் தோளுக்கு ஓய்வு கொடுக்கத்தான். விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றும் ஆபரேஷன் முடிந்த முதல் நாளிலிருந்தே அசைய வேண்டும். டாக்டர் தடை சொல்லாவிட்டால் தினமும் 3, 4 தடவை இவற்றைச் செய்யலாம்:

1. விரல்களை இறுக மூடி, நன்றாக விரிக்க வேண்டும். 10 தடவை.

2. மணிக்கட்டை மேலும் கீழும் மடக்க வேண்டும். 10 தடவை.

3. ஸ்லிங்கைக் கழற்றி, மேல்கையை உடம்போடு ஒட்டிவைத்து, முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும். 10 தடவை.

குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுகிற பயிற்சி ஒன்று உண்டு. மணி ஆடுகிற மாதிரி இருக்கும். அதை எப்போது தொடங்குவது என்று பிசியோதெரபி செய்பவர் சொல்வார். அவர் சொல்லும் முன் நாமாகச் செய்யக் கூடாது. எண்ணெய் தேய்த்து நீவுவது, கையைப் பிடித்து இழுத்து உருவுவது எதுவும் கூடவே கூடாது. தைத்த நார் பிய்ந்துபோகும்.

வீட்டில் அன்றாடம்

பெரும்பாலான அறிவுரைச் சீட்டுகள் நாற்காலி, கட்டில், ஷவர் உள்ள வீட்டை நினைத்து எழுதியவை. நம் வீடுகளுக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம்.

தூக்கம்: தரையில் பாய் போட்டுப் படுத்தால் எழும்போது கையை ஊன்றத்தான் செய்வோம். அந்த ஊன்றல்தான் ஆபத்து. 6 வாரத்துக்கு எப்படியாவது ஒரு கட்டில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தாற்போல் படுப்பது சுகம். முழங்கைக்கு அடியிலும் ஒரு தலையணை வேண்டும். இதற்கு எளிய அளவு ஒன்று உண்டு: படுத்தபடியே குனிந்து பார்த்தால் உங்கள் முழங்கை உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கை பின்னால் சரிந்துவிட்டது என்று அர்த்தம். ஆபரேஷன் ஆன பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது.

குளியல்: காயத்தில் தண்ணீர் படலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மேலுக்கு ஊற்ற வேண்டும். அக்குளைக் கழுவ, இடுப்பிலிருந்து முன்பக்கம் குனிந்தால் கை தானாகத் தொங்கி இடம் விடும். நம்ம வெயிலுக்கு அக்குளில் ஈரம் தங்கினால் புண்ணாகிவிடும். நன்றாகத் துடைத்து, உலர்ந்த பிறகு ஸ்லிங்கைப் போடுங்கள்.

உடை: முன்பக்கம் திறக்கிற நைட்டி அல்லது தளர்ந்த ஜாக்கெட் போதும். போடும்போது ஆபரேஷன் ஆன கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கை கடைசி. பின்பக்கக் கொக்கி மாட்டுவது, சேலையைப் பின்னால் செருகுவது, கொண்டை போடுவது மூன்றையும் வேறு யாராவது செய்துவிட வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு நீங்களே முயற்சி செய்யாதீர்கள்.

கழிப்பறை: இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாம் இடது கையால்தான் கால் கழுவுகிறோம். ஆபரேஷன் ஆனது இடது தோள் என்றால், பின்பக்கமாகக் கையைக் கொண்டுபோகும் அந்த அசைவே மூட்டை நழுவ வைக்கும். 3 மாதம் வரை வலது கையால் கழுவிப் பழகுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். சங்கடமாக இருந்தால் குழாயில் பொருத்துகிற தண்ணீர்ப் பீச்சி வைத்துக்கொள்ளலாம். குந்தி எழும்போது கையை ஊன்றாமல் இருக்க, மேல்நாட்டுக் கழிப்பறையோ, மேலே வைக்கிற நாற்காலி ஸ்டூலோ உதவும்.

எழுவது: தரை, நாற்காலி, பஸ் சீட் எதிலிருந்தும் ஆபரேஷன் ஆன கையை ஊன்றி எழக் கூடாது. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பதும் வேண்டாம். நல்ல கைப் பக்கம் ஆள் உட்காரும்படி சீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு அக்காக்கள்

நான் போய்ப் பார்த்த இரண்டு வீடுகளைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

ஒரு அக்காவுக்கு நொறுங்கிய எலும்புக்காகத் தோள் மாற்று நடந்தது. மூன்றாவது வாரம் அவர் ஸ்லிங்கைக் கழற்றிவிட்டார். வலி இல்லை என்பது ஒரு காரணம். "அவரும் பையனும் ரெண்டு வாரமா கடையில வாங்கித் தின்னாங்க. எத்தனை நாளைக்குப் பாக்கறது?" என்பது பெரிய காரணம். அரிசிப் பானையை வடிக்கும்போது தோளில் 'சுருக்'கென்றது. ராத்திரிக்குள் கையை அசைக்க முடியவில்லை. மூட்டு நழுவியிருந்தது. மறுபடி மயக்க மருந்து கொடுத்து மூட்டைச் சேர்த்து, முதல் நாளிலிருந்து 6 வாரக் கணக்கை மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

இன்னொரு அக்கா நேர் எதிர். 6 வாரத்தில் கழற்றச் சொன்ன பிறகும் பயத்தில் 4 மாதம் ஸ்லிங்கோடே இருந்தார். சர்க்கரை நோயும் உண்டு. சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் வாய்ப்பு கூடுதல். கழற்றியபோது கை தோள் அளவுக்குக்கூட எழும்பவில்லை. பல மாதம் பிசியோதெரபி செய்தும் ஓரளவுக்குத்தான் திரும்பியது.

சீக்கிரம் கழற்றினால் நழுவும். ரொம்ப நாள் வைத்தால் இறுகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் டாக்டர் ஒரு தேதி சொல்கிறார். அந்தத் தேதிக்கு முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம்.

ஆபரேஷன் இல்லாமல் கட்டு மட்டும் போட்டிருந்தால்?

தோள் எலும்பு முறிந்தாலும் துண்டுகள் பெரிதாக விலகவில்லை என்றால், ஆபரேஷன் செய்யாமல் ஸ்லிங் மட்டும் கொடுப்பார்கள். இதில் கணக்கு வேறு. வழக்கமாக 2, 3 வாரத்தில் மெதுவான பயிற்சி தொடங்கிவிடும். அதனால் மாற்று மூட்டு வைத்தவரின் கணக்கை இவரும், இவரின் கணக்கை அவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

• திடீரென 'படக்'கென்று சத்தம், தாங்க முடியாத வலி, தோளின் வடிவம் மாறித் தெரிவது.
• காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது நீர் கசிவு, சிவந்து சூடாக இருப்பது.
• விரல்கள் நீலமாகி, சில்லிட்டு, மரத்துப்போவது. (ஆபரேஷன் அன்று மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் ஒரு நாள் வரை கை உணர்வில்லாமல் இருக்கலாம். அதன் பிறகும் தொடர்ந்தால் சொல்ல வேண்டும்.)
• மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கெண்டைக்கால் வீக்கம். மூச்சுத் திணறலுக்கும் நெஞ்சு வலிக்கும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம், டாக்டருக்கு நேரம் குறைவு என்று பேசாமல் வந்துவிடாதீர்கள். இந்த 6 கேள்விகளையும் கேட்டு, பதிலை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்:

1. எனக்குச் செய்தது சாதாரண மாற்றா, ரிவர்ஸா?
2. ஸ்லிங் எந்தத் தேதி வரை? இரவிலும் உண்டா?
3. எந்த அசைவுகள் கூடாது? எந்தத் தேதி வரை?
4. பயிற்சியை யார் சொல்லித் தருவார்கள்? எப்போது தொடங்கலாம்?
5. எப்போது, எவ்வளவு எடை தூக்கலாம்?
6. அடுத்து எப்போது காட்ட வேண்டும்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில், ஆபரேஷனுக்கு முன்பே விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வெளியே போக முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி தரும் சேவையும் சேர்க்கப்பட்டது. அதில் வேலை செய்ய நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்களும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். உங்கள் ஊருக்கு அந்தச் சேவை கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அந்த 6 வாரம் வேலையை யார் செய்வது?

ஸ்லிங்கைக் கழற்ற வைப்பது பெரும்பாலும் அடுப்பும், மாடும், தண்ணீர்க் குடமும்தான். ஆண்களுக்குக் கை ஒடிந்தால் மனைவி ஊட்டிவிடுகிறாள். பெண்ணுக்குக் கை ஒடிந்தால் ஒரு கையால் சமைக்கிறாள். மருந்துச் சீட்டில் இதற்கு மருந்து கிடையாது. இதை வீட்டிலும் குழுவிலும்தான் தீர்க்க முடியும்.

ஆபரேஷனுக்குப் போகும் முன்பே வீட்டில் உட்கார வைத்துப் பேசுங்கள். தண்ணீர் யார் எடுப்பது, சோறு யார் வடிப்பது, பால் யார் கறப்பது என்று பெயர் சொல்லிப் பிரியுங்கள். கணவரும் வளர்ந்த பையன்களும் இதில் வர வேண்டும். தினம் புழங்கும் பாத்திரங்களை இடுப்பு உயரத்தில் எடுத்து வையுங்கள். மாவை முன்கூட்டியே அரைத்து வைக்க வழி பாருங்கள்.

குழு செய்யக்கூடியவை: உறுப்பினர்கள் முறைவைத்து வாரம் ஒரு நாள் அந்த வீட்டுக்கு உதவலாம். துணி மாற்றவும், தலை பின்னவும் ஒரு பெண் துணை கிடைப்பதே பெரிய உதவி. வேலைக்குப் போகாத நாட்களில் கடன் தவணை கட்டச் சிரமம் என்றால், தவணையைத் தள்ளிவைப்பது பற்றிக் கூட்டத்தில் பேசித் தீர்மானம் எழுதலாம். "தவணை கட்டணுமேன்னு வேலைக்குப் போனேன்" என்று எந்த உறுப்பினரும் சொல்லும் நிலை வரக் கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் அல்லது ஊரில் தோள், கை, கால் ஆபரேஷன் செய்துகொண்டவர் யார்? வீட்டு வேலையை அப்போது யார் செய்தார்கள்?
2. ஒரு உறுப்பினர் 6 வாரம் வேலை செய்ய முடியாமல் போனால் நம் குழு என்ன செய்யும்? தீர்மானமாக எழுதி வைத்திருக்கிறோமா?
3. 50 வயதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் வீட்டில் வழுக்கும் இடங்கள் எவை? குளியலறை, கிணற்றடி, மாட்டுக் கொட்டகை. இந்த மாதத்துக்குள் எதைச் சரி செய்யலாம்?